தீர்ப்பு 'அவுட்' ஆனா 10 வருஷம் ஜெயில்?

'மச்சி, கொஸ்டீன் பேப்பர் அவுட்!' - செமஸ்டர் நேரத்துல ஹாஸ்டல்ல இந்த டயலாக்கைக் கேட்காதவங்க உண்டா? சரி, பேப்பருக்குப் பதிலா தீர்ப்பே அவுட் ஆனா? அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் அதுதான் நடந்தது பாஸ்!

2022 மே 2. கருக்கலைப்பு உரிமை தந்த 1973-ம் வருஷத்து 'ரோ' தீர்ப்பை ரத்து செய்யும் வரைவு, 'பொலிட்டிகோ'வில் வெளியானது. 'வரைவு நிஜம்தான். ஆனா, இறுதி முடிவு இல்லை' என்ற தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், மறுநாளே விசாரணைக்கு உத்தரவு போட்டார். ஜூன் 24-ல் 'ரோ' ரத்தேதான் ஆனது!

வரைவுங்கிறது நம்ம ரஃப் நோட் மாதிரி. நீதிபதிகள் அடிச்சு, திருத்தி, மனசு மாறவும் செய்யலாம். நடுவுல வெளியே வந்தா பிரஷர் ஏறும். ஜூன் 8-ல், நீதிபதி பிரெட் கேவனா வீட்டருகே துப்பாக்கியோட ஒருத்தர் கைதானார். ஸோ, கசிவு விளையாட்டு இல்லை.

ஆனா இது ராணுவ ரகசியமும் இல்லையே... எந்தச் சட்டத்துல உள்ளே தள்ளுறது? செனட்டர் பில் கேசிடி 2022-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். கோர்ட் ரகசியத்தைக் கசியவிட்டா 10 வருஷம் வரை சிறை, 10,000 டாலர் அபராதம்! அந்த காங்கிரஸின் காலம் முடிஞ்சதும் மசோதாவும் காலாவதி.

விசாரணை என்னாச்சு? 97 ஊழியர்களும் 'நான் இல்லை'னு சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தாங்க. பொய்னா அதுவே ஜெயில் சமாசாரம்தான். அப்படியும் 2023 ஜனவரி ரிப்போர்ட்டில் ஆள் சிக்கலை. 'வீட்டுல மட்டும் சொன்னேன்'னு சிலர் ஒப்புக்கிட்டாங்க. புதுச் சட்டம் வந்தா இவங்களை என்ன செய்யறதாம்?

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்... 1973-ல் அதே 'ரோ' தீர்ப்பு, கோர்ட் அறிவிக்கும் முன்பே 'டைம்' பத்திரிகையில் வந்துடுச்சு. தீர்ப்புக்கு அப்புறம்தான் வரும்னு நம்பி நிருபர்கிட்ட பேசியவர், நீதிபதி பவலின் உதவியாளர் லேரி ஹாமண்ட். ராஜினாமாவோட போய் நின்னார். பவல் வாங்கலை. கோபத்துல இருந்த தலைமை நீதிபதி பர்கரும் நேரில் பேசி மன்னிச்சுட்டார்!

இந்த உதவியாளர்கள் பெரும்பாலும் லா காலேஜ் முடிச்சு சில வருஷமே ஆனவங்க. நம்ம சீனியர்ஸ் வயசு! தப்புக்கு வேலை போகட்டும், வக்கீல் லைசென்ஸ்கூட போகட்டும். ஆனா நம்பி ஏமாந்தவனுக்கும், காசுக்கு வித்தவனுக்கும் ஒரே தராசா?

பவல் சீட்டுல நீங்க இருந்தா, அந்த ராஜினாமாவை வாங்கியிருப்பீங்களா ஃப்ரெண்ட்ஸ்?