சிறைவாசமும் உடல்நலமும்

சிறைச்சாலை என்றதும் உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அம்மதிலுக்குள் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் என்ன நிகழும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நீதிமன்றம் ஒருவனுடைய நடமாட்டத்தைத்தான் தடை செய்கிறது. நோயையும் சேர்த்து விதிப்பதில்லை. இவ்வேறுபாட்டை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'சிறைக் காய்ச்சல்' என்றே ஒரு நோய்க்குப் பெயர் வழங்கிற்று. பேன்களால் பரவும் டைபஸ் காய்ச்சல்தான் அது. ஜான் ஹோவர்டு என்பார் ஊர்தோறும் சென்று சிறைகளைப் பார்வையிட்டு, 1777-இல் தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். தூக்குமரத்தில் மாண்டோரினும் அக்காய்ச்சலால் மாண்டோரே மிகுதி என்பது அவர் கண்ட உண்மை.

நம் நாட்டில் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் சில நல்ல விதிகளை வகுத்தது. கைதி உள்ளே வந்தவுடன் அவன் உடல்நிலையையும், மேனியிலுள்ள காயங்களையும் ஏட்டில் பதிய வேண்டும். உழைக்கும் கைதியை இரு வாரங்களுக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். வேலை உடலைக் கெடுக்கிறது என்று மருத்துவர் கருதினால், அவ்வேலையினின்று அவனை விலக்க வேண்டும். எழுத்தில் இவ்வளவும் இருந்தன. ஆயினும் அச்சட்டம் நடப்பிலிருந்த காலத்திலேதான் வ. உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். சுப்பிரமணிய சிவா தொழுநோய்க்கு இலக்காகி, 1912-இல் சிறையினின்று வெளிவந்தார். சட்டம் இருப்பது வேறு, அதைக் கேட்பார் இருப்பது வேறு!

இனி, நம் பக்கத்துச் செய்திக்கு வருவோம். விழுப்புரத்தை அடுத்த வேடம்பட்டில் மாவட்டச் சிறை உள்ளது. திண்டிவனத்தில் கிளைச் சிறை உள்ளது. கிளைச் சிறையில் இருப்போர் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். இந்தியா முழுவதற்கும் நிலை இதுவே. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் 4,36,266 பேருக்கு இடமுள்ள சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். நெரிசலும் காற்றோட்டக் குறைவும் கூடிய இடத்தில் காசநோய் எளிதில் பரவும். நாளை குற்றமற்றவன் என்று விடுதலை பெறப்போகும் ஒருவன், அந்நோயுடன் வீடு திரும்பினால் அதற்கு யார் பொறுப்பு?

மருத்துவமனைக்குப் பஞ்சம் என்று சொல்வதற்கில்லை. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கைதியை அங்கே கொண்டுசெல்ல வழிக்காவலர் வேண்டும். அவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டால் நோயாளி காத்திருக்க வேண்டியதுதான். மருந்தைவிடக் காவலரே கிடைத்தற்கரியவராய்விடும் விந்தை இது! ஆகவே மருத்துவரே குறித்த நாளில் சிறைக்கு வருவதும், தொலைக்காட்சித் திரை வழியாக வல்லுநர் நோயாளியைக் காண்பதும் பயன் தருவன.

வேறொரு முறையும் உண்டு. நார்வே 1988-லும், பிரான்சு 1994-லும் சிறை மருத்துவத்தைச் சுகாதாரத் துறையினிடமே ஒப்படைத்தன. சிறை அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட மருத்துவர், கைதியின் மேனியில் அடிபட்ட தழும்பைக் கண்டால் அஞ்சாமல் எழுதுவாரா என்பது ஐயமே. தனித் துறையின் மருத்துவருக்கு அவ்வச்சம் குறைவு. எளியதன்று எனினும், நம் மாநிலமும் இதைக் கருதிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளியிலுள்ளோர் பெறும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்கின்றன. விடுதலைக்குப் பின்னும் அது தொடர வேண்டும் என்கின்றன. காசநோய் மருந்தைப் பொதுவாக ஆறு மாதம் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். ஜாமீனோ இருபதாம் நாளிலேயே கிடைத்துவிடலாம். அன்று மாலை திண்டிவனம் சிறையின் கதவு திறக்கும்போது, அவன் கையில் மீதி மருந்தும், அவனூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதமும் இருத்தல் வேண்டும்.