மதர்போட் போய்விட்டதா? சற்றுப் பொறுங்கள்!

பிள்ளையின் கம்ப்யூட்டர் திடீரென இயங்க மறுக்கிறது. கடைக்குக் கொண்டு போனால், “மதர்போட் போய்விட்டது, புதிது போட வேண்டும்” என்கிறார்கள். சகோதரிகளே, காசை எண்ணிக் கொடுக்குமுன் சில விஷயங்களை நீங்களே பார்த்துவிடலாம்.

புரொசசர், ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் வந்து சேரும் அகலமான பலகைதான் மதர்போட். எல்லாம் அதில் சேர்வதால், வேறெங்கு கோளாறு வந்தாலும் பழி அதன் தலையில்தான் விழுகிறது!

திகதியும் நேரமும் அடிக்கடி பல வருடம் பின்னுக்குப் போகின்றனவா? போர்டில் நாணயம் போல இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்திருக்கும். திகதி பிழைத்தால் இணையப் பக்கங்கள்கூடத் திறக்காது. பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தால் போதும், பெரிய செலவில்லை.

மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, ‘பீப்’ சத்தம் மட்டும் வருகிறது என்றால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பின் ரேமை எடுங்கள். அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

விசிறியே சுற்றவில்லையா? பவர் சப்ளையாக இருக்கலாம். வேறொன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு எதிரி உண்டு. காத்தான்குடிக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக்காற்றில் வரும் உப்பு போர்டில் படிந்து ஈரத்தை இழுக்கிறது. செம்புக் கோடுகள் பச்சை பூத்து அரிக்கின்றன. மாரிக்காலத்தில் இது இன்னும் மோசம். பெட்டியை ஜன்னலோரத்திலோ தரையிலோ வைக்காதீர்கள். வெள்ளம் புகுந்துவிட்டால் ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று சுவிட்சைப் போடவே கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் போர்ட் முழுதாகச் சாகும்.

போர்டிலுள்ள சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தால் அவை கெட்டவை. 2000ஐ ஒட்டிய வருடங்களில் தரமற்ற உருளைகளால் உலகெங்கும் எத்தனையோ போர்ட்கள் பழுதாயின. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவர் அவற்றை மட்டும் மாற்றித் தருவார்.

புதிது வாங்கியே தீரவேண்டுமா? பழைய போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரைக் குறித்துச் செல்லுங்கள். புரொசசர் உட்காரும் சொக்கெட் ஒத்திருக்க வேண்டும். டி.டி.ஆர். 4 ரேம், டி.டி.ஆர். 5 போர்டில் ஏறாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், அதையும் கேளுங்கள். பாவித்த போர்ட் என்றால் சொக்கெட்டில் ஊசிகள் வளைந்துள்ளனவா என்று வெளிச்சத்தில் பார்த்து, கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லி, பழைய போர்டையும் கையோடு வாங்கி வாருங்கள்.