மின்கம்பத்திலிருந்து கந்தக்காட்டுக்கு

யாழ்ப்பாணத்தின் பழைய போதை கள்ளுத் தவறணையோடு முடிந்துவிடும். பின்னேரம் தவறணைக்குப் போய் வரும் மனுசன் எந்த வேலியில் சாய்வான், எந்தப் படலையில் நின்று சத்தம் போடுவான் என்பது ஊருக்கே தெரியும். கசிப்புக் காய்ச்சும் வீடும் தெரியும். குடித்தவனைத் திருத்துவதற்கு மனைவியின் அழுகை, மாமனின் அதட்டல், கோயிலில் வைக்கும் நேர்த்தி ஆகியவைதான் வழி. வைத்தியசாலைக்குப் போகவேண்டிய காரியமாக அதை யாரும் நினைக்கவில்லை.

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் இலங்கைக்குள் வந்தபோது அது கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளையும் தென்கரைச் சுற்றுலாக் கடற்கரைகளையும் பிடித்தது. அரசு 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்போது யாழ்ப்பாணத்தில் நடந்துகொண்டிருந்ததோ ஆயுத இயக்கங்களின் வேறு நீதி. விடிகாலையில் சந்தியில் மின்கம்பத்தோடு கட்டிய ஓர் உடல், கழுத்தில் ‘சமூக விரோதி’ என்று எழுதிய அட்டை. களவு, காட்டிக்கொடுப்பு, போதை என்று குற்றங்கள் எதுவானாலும் விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் அந்த ஒரே கம்பத்தில் முடிந்தன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

“அந்தக் காலத்தில இப்பிடி இருந்ததோ?” என்று இன்று பெரியவர்கள் கேட்கும்போது அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அன்று ஹெரோயின் ஒழுங்கைக்குள் வரவில்லை. ஆனால் அதற்குப் பயம் மட்டுமே காரணமா? 1990இலிருந்து 2002 வரை ஏ-9 பாதை பொதுமக்களுக்கு மூடிக்கிடந்தது. கடலில் மீன்பிடிக்கே தடை. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பொருளாதாரத் தடை இருந்த ஊருக்குள் எந்த வியாபாரி தூள் கொண்டுவந்து விற்பான்? பயமும் முற்றுகையும் சேர்ந்து போதையை வெளியே நிறுத்தின. அவை போனபோது பின்னால் எதையும் விட்டுப்போகவில்லை. போதைக்கு அடிமையான ஒருவனோடு எப்படிக் கதைப்பது என்று தெரிந்த ஒரு தாதியையோ, ஓர் உளவளத்துணையாளரையோ, இரவில் தட்டக்கூடிய ஒரு கதவையோ துப்பாக்கியால் உருவாக்க முடியாது. பழைய காலத்தை ஏக்கத்தோடு நினைக்கும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அதே கொடிய காலத்தில் யாழ்ப்பாணம் வேறொன்றையும் கட்டியது. தெல்லிப்பழையில் உளமருத்துவப் பிரிவு இருந்தது. 1978இல் தொடங்கிய மருத்துவ பீடத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போரின் மனவடுக்களை ஆராய்ந்தார்கள், எழுதினார்கள், கற்பித்தார்கள். 1987இல் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் பிறந்தது. மருந்துக்கே தட்டுப்பாடு, மின்சாரம் இல்லை, குண்டு எப்போது விழும் என்று தெரியாது. அப்படியிருந்தும் ஆசிரியர்களையும் கிராம மட்டத் தொண்டர்களையும் பயிற்றி, பிள்ளையை இழந்த தாயின் பக்கத்தில் போய் இருக்கச் செய்தார்கள். ‘விசர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவைத்திருந்த சமூகம், மனநோய்க்கு மருந்து உண்டு என்று மெல்ல ஏற்றுக்கொண்டது. இதைச் செய்த ஊர் போதைக்கும் செய்யலாம் என்ற என் நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

2009இல் போர் முடிந்தது. பாதை மறுபடியும் திறந்தது, கடல் திறந்தது, 2014இல் யாழ்தேவி ரயிலும் வந்து சேர்ந்தது. பாக்குநீரிணையைக் கடந்து கேரள கஞ்சா மாதகலிலும் வடமராட்சிக் கரையிலும் மூட்டை மூட்டையாக இறங்கத் தொடங்கியது. பள்ளிக்கூட மதிலோரம் மாவா என்ற போதைப் பாக்கு வந்தது. பிறகு ஹெரோயின், ஐஸ், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரகபலின் குளிசை. வேலையில்லாத, வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருக்கிற, கையில் புலம்பெயர் உறவின் பணமும் திறன்பேசியும் உள்ள ஒரு தலைமுறையிடம் இவை போய்ச் சேர்ந்தன. 2022இல், நாடே எரிபொருள் வரிசையில் நின்ற ஆண்டில், ஹெரோயினை ஊசியில் ஏற்றிய இளைஞர்களின் மரணச் செய்திகள் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் அடுத்தடுத்து வந்தன.

அந்த மரணங்கள் எப்படி நேர்கின்றன என்பதை வீடுகள் அறியவேண்டும். அளவு கூடி மூச்சு நின்று இறப்பது ஒரு வகை. மற்றது மெதுவானது. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிக் குத்தும்போது தோலிலுள்ள கிருமி இரத்தத்தில் இறங்கி இதய வால்வில் போய்க் குடியேறுகிறது. காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். பெடியன் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருப்பான். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாலும் ஊசி போட்டதைச் சொல்லமாட்டான். பெரிய வைத்தியசாலை வளாகத்திலேயே பொலிஸ் காவலரண் இருக்கிறது. சொன்னால் பிடித்துக்கொடுப்பார்கள் என்று பயம். அம்மா பக்கத்தில் நிற்கிறா என்ற வெட்கம் வேறு. வைத்தியர் உண்மையை அறிவதற்குள் வால்வு சிதைந்துவிடுகிறது. ஹெபடைற்றிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவையும் இதே ஊசி வழியாகத்தான் பரவுகின்றன. நேரத்தோடு உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்கள் இவை.

இன்று இருபது வயது மகனுக்குப் பழக்கம் இருக்கிறது என்று ஒரு தாய் கண்டுபிடிக்கிறா என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி காணாமற் போயிருக்கும், மோட்டார் சைக்கிள் ஈட்டுக்குப் போயிருக்கும். அவ எங்கே போவா? கிராம சேவையாளரிடம் சொன்னால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். மகள் கலியாணத்துக்கு நிற்கிறாள். பாதிக்கப்பட்டது மகளேயென்றால் வீடு கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடும். உளநல சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்; ஆனால் அது ‘விசர்’ ஆஸ்பத்திரி என்ற பழைய எண்ணம் இந்த ஒரு விடயத்தில் இன்னும் விடவில்லை. கடைசியில் எத்தனையோ பெற்றோர் தாங்களே பொலிசுக்குப் போகிறார்கள். “பிடிச்சு எங்கயாவது திருத்த அனுப்புங்கோ ஐயா.” நீதவான் முன் நிறுத்துகிறார்கள், விளக்கமறியல், அல்லது புனர்வாழ்வுக் கட்டளை.

அந்தக் கட்டளை போய் நிற்குமிடம் பெரும்பாலும் பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் விரும்பிப் பெறும் சிகிச்சைக்கும் கட்டாயச் சிகிச்சைக்கும் வழி வைத்தது. ஆனால் கட்டுப்பாட்டுச் சபையின் தங்குமிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று வடக்குக்கு வெளியேதான் வளர்ந்தன. கந்தக்காடோ போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்த இடங்களில் ஒன்று. அண்ணன் போராளியாக இருந்துபோன இடத்துக்குத் தம்பி போதைக்காகப் போகவேண்டிய நிலை. 2022 ஜூனில் அங்கு ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்து ஓடினார்கள், அந்த மரணம் தொடர்பில் படையினர் சிலர் கைதானார்கள். அதே ஆண்டு அரசு கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் போதைக்கு அடிமையானவர்களையும் முன்னாள் போராளிகளையும் ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. திருத்தி, 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். அந்த டிசெம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நாடெங்கும் கைது வேட்டை தொடங்கியது. அதை நிறுத்தும்படி அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கேட்டார்கள்.

கைதும் அடைப்பும் நோயைத் தீர்க்காது என்பதற்கு உடலே சாட்சி. ஹெரோயினை நிறுத்திய அரை நாளில் மூக்கு ஒழுகும், எலும்பு குடையும், வயிறு போகும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு கிழமையில் அடங்கும். இதை மருந்தோடு கடக்கவைக்கலாம், சிறைக் கூட்டில் கதறவும் விடலாம். எப்படிக் கடந்தாலும், பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடம்பு விரைவிலேயே இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றுபவன் சாகக்கூடும். ஆகவே விடுதலையான முதல் கிழமைகளில்தான் ஆள் துணை அதிகம் வேண்டும். அந்த நேரத்தில் அவனுக்குக் கிடைப்பது பழைய கூட்டாளிகளும், வெளிநாட்டு வேலைக்கு இனிக் கிடைக்காத பொலிஸ் நற்சான்றிதழும்தான்.

உலகம் வேறு வழி கண்டிருக்கிறது. ஹெரோயின் ஏக்கத்தை அடக்கி ஆளை வேலைக்குப் போகவைக்கும் மெதடோன், புப்ரினோபின் ஆகிய மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய சிகிச்சை நிலையம் தமிழிலேயே குடும்பங்களோடு வேலை செய்துவருகிறது. இந்தியாவின் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் சுத்தமான ஊசியையும் மாற்று மருந்தையும் அரசு செலவில் கொடுக்கிறது. போர்த்துக்கல் 2001இல் தன் பாவனைக்கு வைத்திருப்பவனைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியது. ஊசி கொடுத்தால் பழக்கம் பெருகாதா என்று நம்மவர்கள் கேட்பார்கள். சுத்தமான ஊசி வாங்க வருபவன் ஒரு மனிதரோடு கதைக்கிறான், நாலாம் தரம் வரும்போது சிகிச்சை பற்றிக் கேட்கிறான். ஒளிந்து குத்துபவனோடு கதைக்க யாருமில்லை.

மக்கள் பணத்தில் வைத்தியசாலை கட்டுவது நமக்குப் புதிதல்ல. 2011இல் தன்னார்வலர்கள் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கும் முன்னே, 1930களில் மூளாயில் ஊரவர் பங்கு போட்டுக் கூட்டுறவு வைத்தியசாலை கட்டினார்கள். கோயிலுக்குப் புதுத் தேர் செய்யப் பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகள், தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துப் பெடியள் ஊசியோடு விழும் செய்தியை வாசிக்காதவர்களா? குடாநாட்டுக்குள், தமிழில் கதைக்கும், பொலிஸ் கடிதம் கேட்காத, பெண்களுக்கும் தனி இடமுள்ள ஒரு சிகிச்சை மனை வேண்டும். அங்கிருந்து வெளியே வருபவனுக்கு ஒரு தொழிலும், கிழமைக்கு ஒருமுறை அவனைத் தேடிப்போகும் ஒரு சமூக சேவை உத்தியோகத்தரும் வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் நாமும் சேர்ந்தால் முடியாத காரியம் இல்லை.

அது வரும்வரை, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தடுமாறுகிறது என்றால் பொலிசுக்கு முன் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். காய்ச்சல் என்றால் ஊசி போட்டதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927.