ஹோலஷோவிட்சே

ஹோலஷோவிட்சே என்பது செக் குடியரசின் தென் பொகீமியாவில், செஸ்கே புதேயோவிட்சே நகருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர் ஆகும். இருமுறை மக்களை இழந்தும் நடுக்கால ஊரமைப்பை இழக்காத இவ்வூர், 1998 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

ஊரமைப்பு

ஊரின் நடுவே நீள்சதுரமான பொதுத்திடல் உள்ளது. அதில் ஒரு குளமும், 1755 இல் கட்டப்பட்ட நெப்போமுக் புனித யோவான் சிற்றாலயமும் உள்ளன. திடலைச் சுற்றியுள்ள பண்ணைவீடுகளின் முக்கோண முகப்புகள் திடலை நோக்கியுள்ளன. அவற்றின் பின்னே ஒடுங்கிய நீண்ட நிலங்கள் விரிகின்றன. பெரும்பாலான வீடுகள் 18, 19 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இவற்றின் பாணி 'நாட்டுப்புற பரோக்' எனப்படுகிறது.

வரலாறு

1263 ஆம் ஆண்டு ஆவணமொன்றில் இவ்வூர் முதன்முதலாகக் குறிப்பிடப்படுகிறது. 1292 இல் விஷ்ஷி புரோட் துறவிமடத்தின் உடைமையானது. 1520–1525 காலத்துக் கொள்ளைநோயில் இருவர் மட்டுமே உயிர் தப்பினர். பின்னர் பவேரியா, ஆஸ்திரியாவிலிருந்து மக்களை மடம் குடியேற்றியதால் ஊரில் செருமானிய மொழி பேசுவோர் பெருகினர். ஆனால் அவர்களும் பழைய மனை எல்லைகளிலேயே வீடு கட்டினர்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் செருமானியர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பல பண்ணைகள் கைவிடப்பட்டுப் பாழாயின. எனினும், புதிய கட்டடங்கள் அதிகம் எழாததால் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. 1990 முதல் அவை சீரமைக்கப்பட்டு, மீண்டும் மக்கள் வாழும் இல்லங்களாயின.