வக்கீலுக்குக் காசு கொடுப்பது யார்?

எங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் சனிக்கிழமை மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பது வழக்கம். ஒரு நாள் அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. வழக்கில் சிக்கிய போலீஸ்காரர்களுக்கு வக்கீல் செலவு கொடுப்பதற்கென்றே நன்கொடையில் நடக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று அங்கே இருக்கிறது என்று சொன்னோம். முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் சட்டென்று கேட்டான்: "அடிச்சவங்களுக்கே நிதியா தோழர்? அப்போ அடி வாங்குனவங்களுக்கு யாரு குடுப்பா?"

கேள்வியின் முதல் பாதியில் கோபம் இருக்கிறது. இரண்டாம் பாதியில் நாம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இந்த வாரம் இரண்டையும் பார்ப்போம்.

அந்த நிறுவனத்தின் பெயர் லா என்போர்ஸ்மென்ட் லீகல் டிபன்ஸ் ஃபண்ட். காவலர்களுக்கான சட்டப் பாதுகாப்பு நிதி என்று சொல்லலாம். 1995-ல் தொடங்கப்பட்டு, வர்ஜீனியா மாநிலத்திலிருந்து இயங்குகிறது. லாப நோக்கமற்ற அமைப்பு என்பதால் அதற்குத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. பணியில் இருந்தபோது செய்த செயலுக்காகக் குற்றம் சாட்டப்படும் போலீஸ்காரர்களின் வழக்குச் செலவுக்கு அது உதவுகிறது. வழக்கில் நேரடியாகச் சம்பந்தப்படாத நிலையிலும் போலீஸ் தரப்புக்கு ஆதரவாக நீதிமன்றங்களில் கருத்து மனு போடுகிறது.

இது ஒன்று மட்டுமல்ல. 1915-ல் பிட்ஸ்பர்க் நகரில் இரண்டு காவலர்கள் முன்னின்று தொடங்கிய ஃபிரட்டர்னல் ஆர்டர் ஆஃப் போலீஸ் இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட பெரிய அமைப்பு. உறுப்பினர்கள் சந்தா கட்டினால், வழக்கு வரும் நாளில் வக்கீல் கிடைக்கும் திட்டம் அதனிடம் உண்டு. மாநிலங்களில் உள்ள காவலர் சங்கங்களும் இப்படி நிதி வைத்திருக்கின்றன.

அவர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். சில நொடிகளில் முடிவெடுக்கும் வேலை; வழக்கு வந்தால் சம்பளம் நின்றுபோகலாம்; நல்ல வக்கீலின் கட்டணம் ஒரு காவலரின் குடும்பம் தாங்கக்கூடியதல்ல; தீர்ப்பு வரும்வரை எவரும் குற்றவாளியல்ல என்கிறார்கள். இதில் கடைசி வாதத்தை நம்மால் மறுக்கவே முடியாது. பொய் வழக்குகளால் சேரி இளைஞர்கள் சிறைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வேண்டும் என்ற கொள்கை முதலில் நமக்குத்தான் தேவை.

அமெரிக்காவிலும் இந்தக் கொள்கைக்காக முதலில் ரத்தம் சிந்தியவர்கள் கறுப்பின மக்களே. 1931 மார்ச் மாதம் அலபாமா மாநிலத்தில், சரக்கு ரயிலில் போன 9 கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும், இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் விசாரணை தொடங்கியது. ஒழுங்கான வக்கீல் இல்லை. பேசித் தயாராக அவகாசமும் இல்லை. 8 பேருக்கு மரண தண்டனை. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று உலகமே அதைப் பேசியது. கம்யூனிஸ்டுகளின் இன்டர்நேஷனல் லேபர் டிபன்ஸ் அமைப்பு நிதி திரட்டி மேல்முறையீட்டை நடத்தியது. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் முறையான வக்கீல் உதவி இல்லாமல் விசாரிப்பது செல்லாது என்று 1932-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 9 பேரில் ஒருவர்கூடத் தூக்கு மேடை ஏறவில்லை. ஆனாலும் செய்யாத குற்றத்துக்குப் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார்கள்.

அந்தக் காலத்துப் பாடம் வீண்போகவில்லை. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக 1909-ல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. இயக்கத்திலிருந்து 1940-ல் ஒரு சட்டப் பாதுகாப்பு நிதி பிறந்தது. அதை உருவாக்கியவர் தர்குட் மார்ஷல் என்ற கறுப்பின வழக்கறிஞர். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைப்பது செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வாதாடிப் பெற்றது அவர் தலைமையிலான வழக்கறிஞர் குழு. 1967-ல் அவரே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். 'சட்டப் பாதுகாப்பு நிதி' என்ற பெயரை ஒடுக்கப்பட்டவர்கள் கையில் எடுத்து 55 ஆண்டுகள் கழித்துத்தான் காவலர்களுக்கான நிதி அதே பெயரில் வந்தது.

சரி, இரண்டு பக்கமும் வக்கீல் பலம் இருந்தால் என்ன நடக்கும்? 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் டெரிக் சாவின் என்ற போலீஸ்காரர் 9 நிமிடம் 29 நொடி முழங்காலை அழுத்தி வைத்திருந்தார். போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையில் முழங்கால் பற்றி ஒரு சொல் இல்லை. அவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டதாகத்தான் இருந்தது. 17 வயதுப் பெண் ஒருவர் தன் கைப்பேசியில் எடுத்த காட்சியே உண்மையை வெளியே கொண்டுவந்தது.

சாவினுக்கு வாதாடிய வக்கீலின் கட்டணத்தை மினசோட்டா மாநிலக் காவலர் சங்கத்தின் சட்டப் பாதுகாப்பு நிதி ஏற்றது. திறமையாகவே வாதாடினார்கள். எதிர்ப்பக்கம் அரசுத் தரப்பும் சளைக்கவில்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞர் கீத் எலிசன், அவரும் கறுப்பினத்தவர், வழக்கைத் தானே முன்னின்று நடத்தினார். கட்டணம் வாங்காமல் வெளி வழக்கறிஞர்கள் வந்து அரசுக்காக வாதாடினார்கள். 2021 ஏப்ரல் 20 அன்று சாவின் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டு சிறை.

இதிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டது இதுதான். போலீஸ்காரருக்கு நல்ல வக்கீல் கிடைப்பதால் நீதி சாவதில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கம் ஆள் இல்லாதபோதுதான் சாகிறது. அமெரிக்காவிலும் ஃபிளாய்டு வழக்கு விதிவிலக்கு. காட்சிப்பதிவும், தெருவில் திரண்ட மக்களும், இலவசமாக வந்த வக்கீல்களும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பணக்கணக்கும் அதையே சொல்கிறது. ஃபிளாய்டின் குடும்பத்துக்கு 2 கோடியே 70 லட்சம் டாலர் இழப்பீடு தரப்பட்டது. கொடுத்தது மினியாபொலிஸ் நகர நிர்வாகம். ஜோனா ஸ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர், 2006 முதல் 2011 வரை அங்குள்ள பெரிய காவல் துறைகளில் மனித உரிமை மீறல் வழக்குகளுக்குத் தரப்பட்ட தொகையை ஆராய்ந்தார். அதில் போலீஸ்காரர்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்தது 0.02 சதவீதம். 10,000 டாலர் இழப்பீட்டில் 2 டாலர். மீதியெல்லாம் மக்களின் வரிப்பணம்.

இதெல்லாம் யாரோ ஒரு தேசத்துக் கதை என்று விட்டுவிடக் கூடாது. நியூயார்க்கில் படித்த அண்ணல் அம்பேத்கர், என்.ஏ.ஏ.சி.பி.யை நிறுவியவர்களில் ஒருவரான டியூ பாய்சுக்கு 1946-ல் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்கு அனுப்பிய மனுவின் பிரதியைக் கேட்டுத்தான் அந்தக் கடிதம். அவர்கள் போராடும் வழியைப் படித்து நம் மக்களுக்குப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தவர் அவர். நாமும் அப்படியே பார்ப்போம்.

நம் ஊரில் அரசு அதிகாரி மீதான வழக்கில் அவருக்குக் கிடைக்கும் முதல் கவசம் சட்டத்திலேயே இருக்கிறது. கடமையின்போது செய்த செயல் என்றால், பல அதிகாரிகள் மீதான வழக்கை நீதிமன்றம் ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 218-ஆவது பிரிவு. புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் உண்டு: 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே பொருள்.

இந்தக் கவசத்தைத் தாண்டி வென்றதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைவாழ் மக்கள் ஊரில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து வெறியாட்டம் ஆடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் 19 ஆண்டுகள் வழக்கைச் சுமக்காமல் இருந்திருந்தால், அந்தப் பெண்கள் கோர்ட் வாசல்வரைகூட வந்திருக்க முடியாது.

எல்லா ஊருக்கும் அப்படி ஒரு சங்கம் வாய்க்கும்வரை, கையில் இருக்கும் சட்டத்தையாவது பயன்படுத்துவோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பட்டியலின, பழங்குடி மக்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். வன்கொடுமை வழக்கில் 15ஏ பிரிவு, ஜாமீன் மனு விசாரணையில்கூடப் பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 1995-ஆம் ஆண்டு விதிகளின் 4(5)-ஆவது விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அமர்த்தும்படி ஆட்சியரிடம் கேட்கலாம். சாட்சி சொல்லப் போகும் நாளுக்குப் பயணப்படியும் தினப்படியும் தர 11-ஆவது விதி இருக்கிறது. கேட்காதவர்களுக்கு இவை தேடி வருவதில்லை. எழுத்து மூலம் கேளுங்கள். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

அந்தத் தம்பியிடம் அன்று இதையெல்லாம் சொல்லி முடித்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, படிப்பகத்துக்கு மாதம் 20 ரூபாய் சந்தா கட்டுகிறோமே, அதோடு 10 ரூபாய் சேர்த்து வழக்கு நிதி என்று தனிக் கணக்கு வைக்கலாமா என்று கேட்டான். சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை கணக்கு எழுத ஒப்புக்கொண்டாள். அன்றைக்கே 14 பேர் சேர்ந்தார்கள். 140 ரூபாயில் எந்த வழக்கும் நடக்காது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்த முறை நம் பிள்ளை ஒருவன் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகப்படும்போது, அவன் அம்மா தனியாகப் போய் வாசலில் நிற்க வேண்டியதில்லை.