மரத்தைச் சுற்றி ஓடிய ஷேக்ஸ்பியர் மாணவன்

காகிதக்கூழில் செய்த மரம். குழாயிலிருந்து விழும் தூறல். தன்னைவிட மூத்த கதாநாயகியைத் துரத்திக்கொண்டு, யாரோ பாடிய பாட்டுக்கு வாயசைத்தபடி ஓடுகிறான் ஒரு புதுமுக நடிகன். ஓடும்போதே அவனை வெட்கம் பிடுங்கித் தின்கிறது. பெரிய இடத்துப் பள்ளியில் படித்தவன், கல்லூரியில் ஷேக்ஸ்பியர் மன்றச் செயலாளராக இருந்தவன், டெல்லி அரசியல்வாதியின் மகன். இவ்வளவும் இந்த மரத்தைச் சுற்றுவதற்குத்தானா?

சசி தரூரின் 'ஷோ பிசினஸ்' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. அசோக் பஞ்சாரா என்ற அந்த இளைஞனுக்கு ஆடத் தெரியாது. நடிக்கத் தெரியுமா என்பதும் சந்தேகம். ஆனாலும் இந்தித் திரையுலகின் உச்சிக்குப் போகிறான். அங்கிருந்து நாடாளுமன்றத்துக்குத் தாவுகிறான். ஊழல் புகாரில் அடிபட்டுத் திரும்புகிறான். பழைய மவுசு போன நிலையில், 'கல்கி' என்ற புராணப் படத்தில் பத்தாவது அவதாரமாகக் குதிரை ஏறுகிறான். அந்தப் படப்பிடிப்பில் விபத்து. இப்போது மருத்துவமனையில் குழாய்களுக்கு நடுவே கிடக்கிறான். வெளியே ரசிகர் கூட்டம் பிரார்த்தனை செய்கிறது.

1990-களின் தொடக்கத்தில் இந்த நாவல் வெளிவந்தபோது தரூர் ஐ.நா. அதிகாரி. அதற்கு முன் 1989-இல் வந்த 'தி கிரேட் இந்தியன் நாவல்' மூலம் பெயர் வாங்கியிருந்தார். மகாபாரதத்தைச் சட்டமாக வைத்து, அதற்குள் இருபதாம் நூற்றாண்டு இந்திய அரசியலை அடைத்த கேலி நாவல் அது. அடுத்ததாக அவர் இந்தி சினிமாவைத் தொட்டதில் வியப்பில்லை. புராணக் கதைகள் செய்துவந்த வேலையைப் பெருமளவு சினிமா ஏற்றுக்கொண்ட நாடு இது.

நாவலின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அதன் கட்டுமானத்தில் இருக்கிறது. அத்தியாயங்களுக்குப் பதில் 'டேக்'குகள். ஒவ்வொரு டேக்கிலும் மூன்று குரல்கள் மாறி மாறி வருகின்றன. முதலில் அசோக் தன் கதையைத் தானே சொல்கிறான். அடுத்து, அவன் நடித்த ஒரு படத்தின் கதை, பாட்டு சண்டை உட்பட விரிகிறது. மூன்றாவதாக, படுக்கையருகே உட்கார்ந்து யாராவது ஒருவர் அவனோடு பேசுகிறார். அப்பா, தம்பி, மனைவி, காதலி, அவனோடு நடித்த வில்லன் என்று ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். நினைவிருக்கிறதோ இல்லையோ, அவனால் பதில் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஒரு நட்சத்திரத்துக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை. திரையில் எல்லா வசனமும் அவனுக்கே. வில்லன் நாலு வரி பேசினால் இவன் நாற்பது வரி பேசுவான். கைத்தட்டலுக்கு இடம் விட்டுப் பேசுவான். இங்கே அவன் வாயடைத்துக் கிடக்க, இத்தனை நாள் துணைப் பாத்திரங்களாக இருந்தவர்கள் முதல்முறையாக முழு வசனம் பேசுகிறார்கள். மாயா என்ற மனைவி, நல்ல நடிகையாக இருந்து கல்யாணத்துக்குப் பின் தொழிலை விட்டவள். தம்பி அஷ்வின், அப்பாவின் தொகுதியில் வருடக்கணக்கில் அலைந்து வேலை பார்த்தவன். வேட்பாளர் நாற்காலி கடைசியில் அண்ணனுக்குப் போனது. மாயாவை மனதார நேசித்தவனோ, படத்துக்குப் படம் கதாநாயகிகளைக் கடத்திக்கொண்டு போகும் வில்லன் நடிகன் பிரணய். அசோக்கின் வாயால் கேட்டபோது சிரிப்பாகப் போன சம்பவங்களே இவர்கள் சொல்லும்போது வேறு நிறம் கொள்கின்றன.

நடுவே வரும் படக்கதைகள் தனி விருந்து. 'கோடாம்போ' என்றொரு படம்: கடத்தல்கார வில்லன், நேர்மையான போலீஸ் நாயகன். பெயரைக் கேட்டதும் 1987-இல் வந்த 'மிஸ்டர் இந்தியா' படத்தின் வில்லன் மொகாம்போவை நினைக்காதவர் இருக்க முடியாது. பாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் எதுகை போட்டுத் தானே மொழிபெயர்ப்பு மாதிரி எழுதித் தந்திருக்கிறார் தரூர். அவை அசட்டுத்தனமாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே எழுதியவை. அதில் முழு வெற்றி.

கேலி அளவு மீறிவிட்டது என்று தோன்றினால், அசல் படங்களைப் பார்த்துவிட்டு வரலாம். மன்மோகன் தேசாயின் 'அமர் அக்பர் அந்தோனி' (1977) படத்தில் சிறுவயதில் பிரிந்த மூன்று சகோதரர்கள் மூன்று மதங்களில் வளர்கிறார்கள். அடிபட்டுக் கிடக்கும் பெண் தங்கள் தாய் என்று தெரியாமலே மூவரும் ஒரே நேரத்தில் அவளுக்கு ரத்தம் கொடுக்கிறார்கள். மூன்று குழாய்களின் ரத்தம் மேலேறி ஒரே புட்டியில் கலந்து தாய்க்கு இறங்குகிறது. நாடு முழுவதும் மக்கள் கண்ணீரோடு பார்த்த காட்சி. இதற்கு மேல் ஒரு கேலி எழுத்தாளன் என்ன செய்துவிட முடியும்?

தரூர் செய்தது, படத்தையும் வாழ்க்கையையும் ஒன்றோடொன்று மோதவிட்டது. 'தில் ஏக் கிலா' என்ற படத்தில் அசோக்கோடு மனைவி மாயாவும் காதலி மெஹ்னாஸும் நடிக்க வேண்டியிருக்கிறது. நாவலில் இந்தப் படத்துக்கு இரண்டு கதை வடிவங்கள் உண்டு: முதலில் எழுதியது ஒன்று, திருத்தியது ஒன்று. கடைசிக் காட்சியில் நாயகன் யாரிடம் போகிறான் என்பது கதாசிரியரின் கவலை மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் வழக்கும் கூட. அந்த வழக்குக்குத் திரைக்கதையிலேயே தீர்ப்பு எழுதப்படும் இடம்தான் நாவலின் மிகக் கூர்மையான பகுதி. 1981-இல் யாஷ் சோப்ரா எடுத்த 'சில்சிலா' இதற்குப் பின்னால் நிற்பது இந்தி சினிமா தெரிந்த எவருக்கும் புரியும். அதில் அமிதாப் பச்சன், அவர் மனைவி ஜெயா, அவரோடு இணைத்துக் கிசுகிசுக்கப்பட்ட ரேகா மூவரும் சேர்ந்து நடித்தார்கள். பர்வீன் பாபியும் ஸ்மிதா பாட்டீலும் நடிப்பதாக இருந்த வேடங்கள் அவை. படத்தில் கணவன் மனைவியிடமே திரும்பினான்.

அமிதாப்பின் நிழல் நாவல் முழுக்க விழுந்திருக்கிறது. 1982 ஜூலை 26 அன்று பெங்களூரில் 'கூலி' படத்துக்காக நடிகர் புனீத் இஸ்ஸாருடன் அவருக்கு ஒரு சண்டைக் காட்சி. ஒரு குத்து, மேஜை மேல் ஒரு விழுதல். கணக்கு தவறியது, மேஜையின் விளிம்பு வயிற்றில் இடித்து உள்ளே குடல் கிழிந்தது. பம்பாய் பிரீச் கேண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோன பின் ஒரு கட்டத்தில் டாக்டர்களே நம்பிக்கை இழந்தார்கள். பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்தார். நாடெங்கும் கோயில், மசூதி, தேவாலயம் என்று பிரார்த்தனைகள் நடந்தன. பிழைத்து வந்தவரை வைத்து மன்மோகன் தேசாய் படத்தை முடித்தார். அடிபட்ட அந்த ஷாட்டில் படத்தை நிறுத்தி, விபத்து நடந்த இடம் இதுதான் என்று திரையில் எழுத்தைப் போட்டார். கதைப்படி சாக வேண்டிய நாயகனையும் பிழைக்க வைத்தார். சாவின் விளிம்பு வரை போன மனிதரின் வலியையும் ஒரு காட்சியாக்கிவிட்ட இந்தத் தொழிலைப் பற்றித்தான் தரூர் எழுதுகிறார்.

அரசியல் பகுதியும் அதே தடத்தில் போகிறது. 1984 டிசம்பரில் அமிதாப் அலகாபாத்தில் ஹேமவதி நந்தன் பகுகுணாவை 1,87,000-க்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். 1987-இல் போஃபர்ஸ் பீரங்கி ஊழல் புயலில் தன் பெயர் இழுக்கப்பட்டபோது பதவி விலகினார். குற்றம் எதுவும் அவர்மேல் நிரூபணமாகவில்லை. நாவலின் அசோக் அவ்வளவு சுத்தமானவன் அல்ல. தமிழ் வாசகருக்கு இந்தப் பகுதி கொஞ்சம் சப்பென்றுகூட இருக்கலாம். அதே 1984 டிசம்பரில், நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே, பிரசாரத்துக்கு ஒருநாள்கூட வராமல், ஆண்டிபட்டியில் ஜெயித்து மீண்டும் முதல்வரானார் எம்.ஜி.ஆர். நாவலாசிரியருக்கு இதைக் கற்பனை செய்யத் துணிவு வந்திருக்காது.

தொழிலின் அன்றாடமும் நாவலில் சரியாகவே பதிவாகியிருக்கிறது. சினிமாவுக்குத் 'தொழில்' என்ற அரசு அங்கீகாரம் கிடைத்தது 1998-இல்தான். அதுவரை வங்கிக் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கணக்கில் வராத பணம்தான் படத்தை ஓட்டியது. நடிகர்கள் ஒரே நாளில் ஷிப்ட் ஷிப்ட்டாகப் பல படங்களில் நடித்தார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்த தம்பி சசி கபூரை ராஜ் கபூர் 'டாக்சி' என்று கிண்டல் செய்த கதை பிரசித்தம். 'ஸ்டார்டஸ்ட்' பத்திரிகையின் கிசுகிசுப் பகுதியைக் கண்டு நடிகர்கள் நடுங்கிய காலமும் அதுவே. நாவலில் சீட்டா என்ற பெயரில் எழுதும் பெண் அந்த நகப் பூச்சையும் நகக் கீறலையும் அப்படியே கொண்டுவருகிறாள்.

குறையும் உண்டு. இந்தச் சிரிப்பு பெரும்பாலும் மேலே நின்று சிரிப்பது. டெல்லி கல்லூரியின் ஆங்கிலம், பம்பாய் ஸ்டுடியோவைப் பார்த்துச் சிரிக்கிறது. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' படித்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அவர். புரொடக்ஷன் மேனேஜர் காலையில் வண்டி அனுப்பும் கவலையிலிருந்து சினிமாவைப் பார்த்தவர். அங்கே யாரும் கோமாளி ஆவதில்லை. தரூரின் நாவலில் லைட்மேன்களும் துணை நடிகர்களும் பின்னணியிலேயே நின்றுவிடுகிறார்கள். படக்கதைகளிலும் பாதிக்கு மேல் ஜோக் புரிந்துவிட, மீதியை வாசகன் கடமைக்குப் படிக்க நேர்கிறது.

இன்னொன்று, நாவலாசிரியர் கணிக்காதது. அசோக்கைப் போல் அமிதாப்பும் 1990-களில் சரிந்தார். அவர் தொடங்கிய ஏ.பி.சி.எல். நிறுவனம் கடனில் மூழ்கியது. ஆனால் 2000 ஜூலையில் 'கோன் பனேகா குரோர்பதி' என்ற தொலைக்காட்சி வினாடி வினா தொடங்கியதும் நாட்டின் வரவேற்பறைகள் அனைத்திலும் அவரே உட்கார்ந்திருந்தார். விழுந்தவன் எழும் இந்தக் கதையை மன்மோகன் தேசாய் நிச்சயம் எழுதியிருப்பார், தரூர் எழுதவில்லை.

1994-இல் பி. ஜே. கம்பாட்டா இந்த நாவலை 'பாலிவுட்' என்ற பெயரில் ஆங்கிலப் படமாக்கினார். சங்கி பாண்டே நாயகன். இன்று அப்படி ஒரு படம் வந்ததே பலருக்குத் தெரியாது.

நாடாளுமன்றம் மட்டும் இந்தக் கதையை விடவில்லை. மாயாவைப் படித்தபோது வாசகர்களின் நினைவுக்கு வந்த ஜெயா பச்சன் 2004-இல் மாநிலங்களவைக்குப் போனார். அசோக்கை எம்.பி.யாக்கிப் பாடாய்ப்படுத்திய தரூர் 2009-இல் திருவனந்தபுரத்திலிருந்து மக்களவைக்குப் போனார், அமைச்சரானார், சர்ச்சையில் சிக்கி 2010-இல் அந்தப் பதவியை விட்டார். அமிதாப் மட்டும் 1987-க்குப் பிறகு தேர்தலில் நிற்கவே இல்லை.