புதுப்பிக்கப்பட்ட வன்தட்டுகளும் வீட்டுப் பிணையச் சேமிப்பகமும்

புதுப்பிக்கப்பட்ட வன்தட்டு என்பது ஒருமுறை விற்கப்பட்டு, பயன்பாட்டுக்குப் பின்னரோ திருப்பியனுப்பப்பட்ட பின்னரோ சோதிக்கப்பட்டு, மீண்டும் விற்பனைக்கு வரும் வன்தட்டு ஆகும். பேச்சுவழக்கில் ஹார்ட் டிஸ்க் எனப்படும் இச்சாதனம் தரவு மையங்களிலிருந்து தொடர்ந்து கழிக்கப்பட்டு வருகிறது. அவற்றுள் ஒரு பகுதி, புதியதைவிடக் குறைந்த விலையில் வீட்டுப் பயனர்களை வந்தடைகிறது. வீட்டில் பிணையச் சேமிப்பகம் அமைப்போர் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். ஆனால் அச்சேமிப்பகத்தில் வைக்கப்படுபவை பெரும்பாலும் குடும்ப நிழற்படங்கள், ஆவணங்கள், படிப்புக்கான கோப்புகள் போன்றவை; இழந்தால் மீண்டும் பெற முடியாதவை. எனவே விலையோடு வேறு சிலவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

பிணையச் சேமிப்பகம் என்றால் என்ன?

நாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிணையச் சேமிப்பகம், வீட்டிலுள்ள ரவுட்டருடன் இணைக்கப்பட்டு எந்நேரமும் இயங்கும் ஒரு சிறு கணினி. இதில் ஒன்றோ பலவோ வன்தட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவை ஒரே இடத்திலுள்ள கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள இது உதவுகிறது. சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் ஆயத்தப் பெட்டிகளை விற்கின்றன. பழைய கணினி ஒன்றில் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்களை நிறுவியும் இதனை அமைக்கலாம். பழைய கணினியைப் பயன்படுத்தினால் செலவின் பெரும்பகுதி வன்தட்டுகளுக்கே போகிறது. புதுப்பிக்கப்பட்டவற்றை நோக்கிப் பயனர்கள் செல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இவை எங்கிருந்து வருகின்றன?

தரவு மையங்களுக்கான வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக 5 ஆண்டு உத்தரவாதம் தருகின்றனர். அக்காலம் முடியும் தறுவாயில், நன்றாக இயங்கும் தட்டுகளையும் தரவு மையங்கள் மாற்றிவிடுவதுண்டு. 4 டெராபைட்டுத் தட்டும் 20 டெராபைட்டுத் தட்டும் ஏறத்தாழ ஒரே அளவு இடத்தையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் பழையதை வைத்திருப்பது அவர்களுக்கு நட்டம். வாடிக்கையாளர்கள் திருப்பியனுப்பியவை, உத்தரவாதத்தின் கீழ் திரும்ப வந்து சரிசெய்யப்பட்டவை ஆகியனவும் சந்தைக்கு வருகின்றன.

மற்றொரு மூலம் சியா என்னும் மறையீட்டு நாணயம். பிட்டொரென்ட் நெறிமுறையை உருவாக்கிய பிராம் கோகன் தொடங்கிய இந்நாணயம் 2021-ல் புழக்கத்துக்கு வந்தது. கணிப்புத் திறனுக்குப் பதிலாகச் சேமிப்பிடத்தைப் பயன்படுத்தி இதனை ஈட்ட வேண்டும் என்பதால், பெரிய கொள்ளளவுத் தட்டுகள் அவ்வாண்டில் பெருமளவில் வாங்கிக் குவிக்கப்பட்டன. நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தபின் அவை பழைய சந்தைக்குத் திரும்பின.

எல்லா நிறுவனங்களும் தம் பழைய தட்டுகளை விற்பதில்லை. அழிக்கப்படாத தரவு வெளியே செல்லும் அச்சத்தால் பல நிறுவனங்கள் அவற்றைப் பொடியாக்கிவிடுகின்றன. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய தட்டுகளை முறையாக அப்புறப்படுத்தாததற்காக, மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் ஒரு பிரிவுக்கு அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. அத்தட்டுகளில் சில, தரவு அழிக்கப்படாமலேயே இணைய ஏலத்தில் விற்கப்பட்டிருந்தன.

விற்பனைப் பெயர்களின் பொருள்

விளம்பரங்களில் பல பெயர்கள் கலந்து வழங்குகின்றன. அவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. தயாரிப்பாளரால் மறுசான்று அளிக்கப்பட்டவை: வன்தட்டைத் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்று, தன் கருவிகளால் சோதித்து, புதிய ஒட்டுச்சீட்டுடன் விற்பவை.
2. விற்பனையாளரால் புதுப்பிக்கப்பட்டவை: இடைநிலை வணிகர் சோதித்து, தரவை அழித்து, தன் பொறுப்பில் உத்தரவாதம் தந்து விற்பவை.
3. கழற்றி எடுக்கப்பட்டவை: சேவையகங்களிலிருந்து எடுக்கப்பட்டு, சோதனை ஏதுமின்றியோ குறைந்த சோதனையுடனோ விற்கப்படுபவை.

இரண்டாம் வகையைப் பற்றி ஒன்றை அறிந்திருப்பது நல்லது. வன்தட்டின் உட்பகுதியைத் திறக்கத் தூசியற்ற சிறப்பு அறை வேண்டும். சுழலும் தகடுகளுக்கும் அவற்றைப் படிக்கும் முனைக்கும் இடையேயுள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. சாதாரண வணிகர் எவரும் உள்ளேயுள்ள உறுப்புகளை மாற்றுவதில்லை. ஆகவே இங்கே புதுப்பித்தல் என்பது பெரும்பாலும் சோதித்தல், தரவை அழித்தல், வெளிப்புறத்தைத் துடைத்தல் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. தேய்ந்த இயந்திரப் பாகம் தேய்ந்தபடியே இருக்கும்.

ஸ்மார்ட் பதிவேடு

ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இப்பதிவேடு ஸ்மார்ட் எனப்படும். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஆகிய இலவச மென்பொருள்கள் மூலம் இதனைப் படிக்கலாம். பின்வரும் எண்ணுள்ள பதிவுகள் முதன்மையானவை.

• 5: பழுதடைந்து, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை.
• 9: தட்டு மின்சாரத்தில் இயங்கிய மொத்த மணிநேரம். ஓராண்டுக்கு 8,760 மணி. 40,000 மணி என்று காட்டினால் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் இடைவிடாது ஓடியுள்ளது என்று பொருள்.
• 187, 198: திருத்த முடியாத பிழைகள்.
• 197: படிக்க முடியாமல் ஐயத்தில் வைக்கப்பட்டுள்ள பிரிவுகள்.
• 199: தரவுப் பரிமாற்றப் பிழைகள். இவை பெரும்பாலும் கேபிள் பழுதால் வருபவை.

5, 187, 197, 198 ஆகியவை சுழியமாக இருப்பதே விரும்பத்தக்கது. 1,00,000-க்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, வருடல் பிழை ஒன்று முதன்முதலில் தோன்றிய தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் பழுதடையும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டது. அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. பழுதடைந்த தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, முதன்மையான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. பதிவேட்டில் பிழை இருந்தால் தட்டை ஒதுக்கிவிடலாம். பிழை இல்லை என்பதற்காக அது நீண்ட நாள் உழைக்கும் என்று உறுதி கூற இயலாது.

அழிக்கப்பட்ட மணிக்கணக்கு

ஸ்மார்ட் பதிவேட்டைச் சுழியத்துக்குத் திருப்பிவிட முடியும். 2025 ஜனவரியில், புதியவை என விற்கப்பட்ட சீகேட் வன்தட்டுகள் பல உண்மையில் பழையவை என்பதை ஜெர்மனியின் ஹைசே ஊடகம் வெளிக்கொணர்ந்தது. அவற்றின் ஸ்மார்ட் பதிவேடு இயங்கிய நேரத்தைச் சுழியமாகக் காட்டியது. ஆனால் சீகேட் தட்டுகளில் ஃபார்ம் எனப்படும் தனிப் பதிவேடு ஒன்றும் உண்டு. அதைப் படித்தபோது பல தட்டுகள் 15,000 முதல் 50,000 மணிநேரம் வரை ஓடியிருந்தது தெரியவந்தது. அவை சியா நாணயப் பண்ணைகளிலிருந்து வந்திருக்கக்கூடும் எனக் கருதப்பட்டது. அவற்றைத் தான் வணிகர்களுக்கு விற்கவில்லை எனத் தயாரிப்பு நிறுவனம் தெரிவித்தது.

ஸ்மார்ட்மான்டூல்ஸின் 7.4 பதிப்பிலிருந்து ஃபார்ம் பதிவேட்டைப் படிக்கும் வசதி உள்ளது. ஸ்மார்ட் காட்டும் நேரமும் ஃபார்ம் காட்டும் நேரமும் பெரிதும் வேறுபட்டால் பதிவேடு திருத்தப்பட்டிருக்கிறது எனக் கொள்ளலாம். மறுசான்று பெற்ற தட்டுகளில் தயாரிப்பாளரே கணக்கைச் சுழியமாக்கி அனுப்புவதுண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழையது என்று சொல்லி விற்பது முறையான வணிகம். பழையதைப் புதியது என்று சொல்லி விற்பது மோசடி.

பொருத்துவதில் வரும் சிக்கல்கள்

தரவு மையத்துக்கென உருவான தட்டுகள் வீட்டுக் கணினியில் உடனே இயங்காமல் போகலாம். வாங்கும் முன் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

இணைப்பு வகை: வீட்டுக் கணினிகளும் நாஸ் பெட்டிகளும் சாட்டா இணைப்பைக் கொண்டவை. சேவையகங்களில் சாஸ் இணைப்பு பரவலாக உள்ளது. சாஸ் தட்டுகள் மலிவாகக் கிடைத்தாலும், தனிக் கட்டுப்பாட்டு அட்டை இல்லாமல் அவை இயங்கா.

மின் இணைப்பு: சில புதிய தரவு மையத் தட்டுகளில், சாட்டா மின் இணைப்பின் 3-ஆம் ஊசியில் 3.3 வோல்ட் மின்னழுத்தம் வந்தால் தட்டு சுழலாது. தொலைவிலிருந்து தட்டை நிறுத்துவதற்காக அமைந்த வசதி இது. பழைய மின்வழங்கியோடு இணைத்ததும் தட்டு அசையாமல் இருந்தால், பழுது என்று முடிவு கட்டுமுன் இதைச் சோதிக்க வேண்டும். 3.3 வோல்ட் இல்லாத மோலெக்ஸ் மாற்றி இணைப்பு இதற்குத் தீர்வாகும்.

பதிவு முறை: எஸ்எம்ஆர் முறையில் தரவுத் தடங்கள் ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். தொடர்ந்து எழுதும்போது இவை மிகவும் மந்தமாகும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பயன்பாட்டுக்கென விற்ற ரெட் வரிசைத் தட்டுகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் முறை இருந்தது தெரியவந்து சர்ச்சையானது. பல தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்துவோர் சிஎம்ஆர் முறைத் தட்டுகளையே தேர்ந்தெடுப்பது நல்லது. மாதிரி எண்ணைக் கொண்டு இதனை அறியலாம்.

ஓசையும் வெப்பமும்: தரவு மையத் தட்டுகள் 7,200 சுழற்சி வேகத்தில் ஓடுபவை. படுக்கையறையில் வைத்தால் அவற்றின் ஓசை தொந்தரவாக இருக்கும். காற்றோட்டமும் தேவை.

வாங்கிய பின் சோதனை

தட்டு கைக்கு வந்ததும் தரவை ஏற்றிவிடக் கூடாது. திருப்பியனுப்பும் காலக்கெடு முடியுமுன் பின்வரும் வரிசையில் சோதிக்க வேண்டும்.

1. பெட்டியைத் திறந்ததும் நிழற்படம் எடுத்தல். போதிய பஞ்சுறை இல்லாமல் வந்த தட்டு வழியில் அடிபட்டிருக்கலாம்.
2. தட்டின் மேலுள்ள வரிசை எண்ணும் மென்பொருள் காட்டும் வரிசை எண்ணும் ஒன்றா எனப் பார்த்தல்.
3. ஸ்மார்ட் பதிவேட்டின் நகலைச் சேமித்தல்.
4. ஸ்மார்ட் நீள்சோதனையை இயக்குதல். பெரிய தட்டுகளில் இது பல மணிநேரம் எடுக்கும்.
5. தட்டு முழுவதும் எழுதிப் படித்துச் சரிபார்த்தல். லினக்ஸின் பேட்பிளாக்ஸ் கருவி நான்கு வெவ்வேறு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கும். நொடிக்குச் சராசரி 180 மெகாபைட்டு வேகம் என்றால், 8 டெராபைட்டுத் தட்டுக்கு இது ஏறத்தாழ 4 நாட்கள் எடுக்கும்.
6. மீண்டும் ஸ்மார்ட் பதிவேட்டைப் படித்து, முன்பு சேமித்த நகலோடு ஒப்பிடுதல். 5, 197, 198 ஆகியவற்றில் ஒன்று உயர்ந்திருந்தாலும் தட்டைத் திருப்பியனுப்புவதே சரி.

விலைக் கணக்கு

ஒரு டெராபைட்டுக்கு எவ்வளவு விலை என்று மட்டும் பார்ப்பது போதாது. உத்தரவாதக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புதிய தட்டு ஒன்று 20,000 ரூபாய், 5 ஆண்டு உத்தரவாதம் எனக் கொள்வோம். உத்தரவாதமுள்ள ஓராண்டுக்கு 4,000 ரூபாய் ஆகிறது. அதே கொள்ளளவுள்ள புதுப்பிக்கப்பட்ட தட்டு 12,000 ரூபாய், 2 ஆண்டு உத்தரவாதம் என்றால் ஓராண்டுக்கு 6,000 ரூபாய். உத்தரவாதம் முடிந்த பின்னும் தட்டு சில ஆண்டுகள் ஓடினால் இரண்டாவது இலாபம், ஓடாவிட்டால் நட்டம்.

அந்த உத்தரவாதத்தைத் தருபவர் யார் என்பதும் முக்கியம். வெளிநாட்டு வணிகரிடம் இணையம் வழி வாங்கினால், பழுதான தட்டைத் திருப்பியனுப்பும் செலவு வாங்கியவர் தலையில் விழலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் நேரில் வாங்குவோர், பட்டியல் சீட்டில் வரிசை எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழி உறுதியை வைத்துப் பின்னர் எதையும் கோர முடியாது.

ரெய்டும் காப்புப் பிரதியும்

பல தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி அமைக்கும் முறை ரெய்டு எனப்படும். ரெய்டு 1-ல் இரு தட்டுகளில் ஒரே தரவு இருக்கும். ரெய்டு 5 ஒரு தட்டின் பழுதையும், ரெய்டு 6 இரு தட்டுகளின் பழுதையும் தாங்கும்.

பழுதான தட்டுக்குப் பதில் புதிதொன்றைப் பொருத்தியதும், மற்றத் தட்டுகள் முழுவதும் படிக்கப்பட்டுத் தரவு மீட்டமைக்கப்படும். நொடிக்கு 200 மெகாபைட்டு வேகத்தில் 16 டெராபைட்டுத் தட்டை நிரப்பவே 22 மணிநேரத்துக்கு மேல் ஆகும். எல்லாத் தட்டுகளும் ஒரே சேவையகத்தில் ஒரே காலம் உழைத்தவை என்றால், இந்த உழைப்பின்போது இரண்டாவது தட்டும் பழுதாகும் வாய்ப்பு உண்டு. இதனால் புதுப்பிக்கப்பட்ட தட்டுகளைக் கொண்டு ரெய்டு அமைப்போர், வெவ்வேறு காலத்தில் தயாரான தட்டுகளைக் கலந்து வாங்குவதும், இரு தட்டுகளின் பழுதைத் தாங்கும் அமைப்பைத் தேர்வதும், சோதித்து வைத்த உபரித் தட்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் பயன்தரும்.

ரெய்டு, தட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு, பணயத் தீநிரல், திருட்டு, மின்னல் ஆகியவற்றிலிருந்து அது காக்காது. அதற்குக் காப்புப் பிரதி வேண்டும். தரவுக்கு 3 பிரதிகள், 2 வகை ஊடகங்களில், அவற்றுள் 1 வேறோர் இடத்தில் என்னும் 3-2-1 விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

மீண்டும் தரவிறக்கக்கூடிய திரைப்படங்கள், மென்பொருள் கோப்புகள், வேறிடத்தில் மூலம் உள்ள தரவின் கூடுதல் பிரதிகள் ஆகியவற்றுக்குப் புதுப்பிக்கப்பட்ட வன்தட்டுகள் ஏற்றவை. ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள தரவை அவற்றில் வைப்பது ஏற்றதன்று. புதிய தட்டுக்கும் இவ்விதி பொருந்தும். தட்டில் மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதியைக் காப்புப் பிரதிக்கான இன்னொரு தட்டுக்கு ஒதுக்கினால், அதே செலவில் தரவு கூடுதல் பாதுகாப்பைப் பெறும்.